மருந்துக்குக் கேட்காத காசநோய்

எங்கள் பக்கம் நெடுநாள் இருமலோடு கிடப்பவரைப் பார்க்கப் போனால், வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: "எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குதுங்க." கோழிக்கு வந்த சீக்கானாலும் குழந்தைக்கு வந்த காய்ச்சலானாலும் நமக்கு நோய் மருந்துக்குக் கேட்கும், அல்லது கேட்காது. பாடப்புத்தகத்தில் வரும் 'மருந்து எதிர்ப்புக் காசநோய்' என்ற பெயரைவிட, 'மருந்துக்குக் கேட்காத காசநோய்' என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் உடனே புரிந்துவிடும்.

என் பெரியப்பா மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று அலைவார். போன வருஷம் இருமலோடு ஊர் திரும்பினார். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் தவறாமல் சாப்பிட்டார். எடை ஏறவில்லை, இருமல் அடங்கவில்லை. அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சளியைச் சோதித்த மருத்துவர், இது ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஒரு நாள் மாத்திரைகூட உடலீங்களே. அப்பறம் எப்படிங்க என்ற ஒடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு?"

நான் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள். அந்தக் கேள்வியில் நம் ஊரில் எல்லோரும் நம்புகிற இரண்டு விஷயங்கள் இருந்தன, இரண்டுமே தவறு. பழகிப்போவது உடம்பு என்பது ஒன்று. மாத்திரையைப் பாதியில் விட்டவருக்குத்தான் இந்த வகை வரும் என்பது மற்றொன்று. அண்ணனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்; அந்த நாளைத்தான் உலகக் காசநோய் நாளாக வைத்திருக்கிறோம். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் கலக்கின்றன. அடைத்த அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அதை மூச்சில் இழுத்தவர் உடம்புக்குள் கிருமி போகும். தட்டு, டம்ளர், துண்டு, கைகுலுக்கல் எதிலும் இது பரவாது. தனித்தட்டு வைத்து ஒருவரை ஒதுக்கி உட்காரவைப்பதால் வீட்டில் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கிடையாது. அவர் மனசு உடைவது மட்டும்தான் மிச்சம்.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. 100 பேருக்குக் கிருமி தொற்றினால், வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டாலும் 5 முதல் 10 பேருக்குத்தான் நோயாக மாறும். மற்றவர்களிடம் அது உறங்கிக் கிடக்கும். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 31 பேரிடம் இப்படி உறங்கும் தொற்று இருப்பது தெரிந்தது. சர்க்கரை நோய், ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி., குடி, புகை, கல்தூசி படிந்த நுரையீரல் ஆகியவை உறங்குவதை எழுப்பிவிடும்.

பத்துக் கோடியில் ஒன்று

எங்கள் அப்பாரு பல்லடத்துக்குக் கிழக்கே பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனும் நானும் அந்தப் பருத்திக் காட்டில்தான் வளர்ந்தோம். காய்ப்புழுவுக்குப் புதிதாக ஒரு மருந்து வந்தால் முதல் வருஷம் புழு கொத்துக்கொத்தாகச் செத்து விழும். இரண்டாம் வருஷம் கொஞ்சம் குறையும். நான்காம் வருஷம் டப்பா டப்பாவாக அடித்தாலும் புழு இலைமேல் ஊர்ந்துகொண்டிருக்கும். செடி மாறவில்லை, காடு மாறவில்லை. முதல் வருஷமே ஆயிரத்தில் ஒரு புழு அந்த மருந்துக்குச் சாகாததாக இருந்தது. மற்றதெல்லாம் செத்துப்போக, சாகாதது மட்டும் பெருகிக் காட்டை நிரப்பியது. 1980களின் கடைசியிலும் 90களிலும் பருத்தி போட்ட எவருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

காசநோயிலும் நடப்பது இதேதான். உடம்பு என்பது காடு. மாறுவது கிருமி.

நுரையீரலில் நோய் அரித்துக் குழியாகிவிட்ட ஒரு இடத்தில் மட்டும் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஒவ்வொரு கிருமியும் இரண்டாகும்போது தன் மரபணுவை நகலெடுக்கிறது. நகலெடுப்பில் எப்போதாவது ஒரு எழுத்து பிழையாகும். அந்தப் பிழை தற்செயலாக ஐசோனியசிட் என்ற மருந்திலிருந்து தப்பிக்க உதவினால், அந்தக் கிருமி அதற்குச் சாகாது. இப்படி ஆவது ஏறக்குறைய 10 லட்சம் கிருமியில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு இது இன்னும் அரிது, ஏறக்குறைய 10 கோடியில் ஒன்று. இதெல்லாம் மருந்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே நடந்திருக்கும்.

இப்போது கணக்குப் போடுவோம். 10 கோடிக் கிருமி உள்ள நுரையீரலுக்கு ஐசோனியசிட் மட்டும் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லாம் செத்து, 100 மட்டும் பிழைக்கும். நோயாளிக்கு உடம்பு தேறியதுபோல இருக்கும். அந்த 100 பெருகப் பெருக, மறுபடியும் 10 கோடி ஆகும். இந்த முறை ஒவ்வொன்றும் ஐசோனியசிட்டுக்குக் கேட்காதது. "சரி, இது வேலை செய்யலை, ரிஃபாம்பிசினைச் சேர்த்துப் பார்ப்போம்" என்று ஒருவர் அதன்மேல் அந்த ஒரு மருந்தை மட்டும் கூட்டினால், 10 கோடியில் அந்த ஒன்று பிழைக்கும். அது பெருகினால், இரண்டுக்குமே கேட்காத கிருமி தயார். நல்லெண்ணத்தோடு ஒவ்வொரு மருந்தாகக் கூட்டிக்கொண்டே போவது எவ்வளவு ஆபத்து என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

இரண்டையும் முதல் நாளே சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் ஒருசேரத் தப்பக்கூடிய கிருமி 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் ஒன்று, அதாவது 100 லட்சம் கோடியில் ஒன்று. யாருடைய நுரையீரலிலும் அவ்வளவு கிருமி கிடையாது. காசநோய்க்கு ஒரே நேரத்தில் பல மருந்து கொடுப்பது இதற்காகத்தான். காசநோய் மருத்துவத்தின் ஆணிவேரே இந்தப் பெருக்கல் கணக்கு என்பேன்.

இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. 1943ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது, காசநோயைத் தாக்கிய முதல் நல்ல மருந்து. 1948ல் பிரிட்டனில் அதன் சோதனை முடிவு வெளிவந்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. மருந்தில்லாமல் படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 32 பேரும், பெறாதவர்களில் 35 பேரும் போய்விட்டிருந்தார்கள். ஒற்றை மருந்தைத் தாண்டி மிஞ்சிய கிருமி திரும்ப வந்து எடுத்துக்கொண்டது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு நான்கு மருந்து: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். நான்கையும் ஒரே மாத்திரையில் சேர்த்து, ஆளின் எடைக்கேற்ற எண்ணிக்கையில், தினமும் தருகிறார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு, அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறதே, ஏன் ஆறு மாதம்? வயிற்றுப்போக்குக் கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காசநோய்க் கிருமி இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு பகுதி அசையாமல் உறங்கும். மருந்து பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்லும். உறங்குவது ஒவ்வொன்றாக எழும் வரை மருந்து காத்திருக்க வேண்டும். நடுவில் விட்டு, மறுபடி ஆரம்பித்து, மறுபடி விட்டால், நாமே சல்லடை போட்டுச் சாகாத கிருமியைச் சலித்தெடுத்துக் கொடுப்பதுபோல ஆகும்.

மூச்சு வழியே

சரி, அண்ணன் ஒரு நாள்கூட விடவில்லையே. அவருக்கு எப்படி வந்தது?

மருந்துக்குக் கேட்காத கிருமி ஒருவர் உடம்பில் உருவாகிவிட்டால், அது அப்படியே காற்றில் அடுத்தவருக்குப் போகும். வாங்கிக்கொள்பவர் வாழ்க்கையில் ஒரு டி.பி. மாத்திரையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனாலும் முதல் நாளே அவருக்கு வந்திருப்பது மருந்துக்குக் கேட்காத நோய். 2014 முதல் 2016 வரை இந்தியாவில் நடந்த தேசிய ஆய்வில், முன்பு சிகிச்சையே பெறாத புது நோயாளிகளில் 100க்கு 2.84 பேருக்கு இப்படிப் பல மருந்துக்குக் கேட்காத நோய் இருந்தது. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 11.60. இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் 'மாத்திரையை விட்டவன்' என்ற பழி வருகிறது. ஆனால் புது நோயாளிகள் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம் என்பதால், 3க்கும் குறைவான அந்த விகிதத்தில் அடங்கியிருக்கும் மனிதர்கள் ஏராளம். அவர்கள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

இந்தப் பழிச்சொல்லை நான் அண்ணன் விஷயத்தில் காதால் கேட்டேன். சொந்தக்காரர்கள் வந்து, "ஒழுங்கா மாத்தரை தின்னிருந்தா இப்படி ஆகுமா கண்ணு?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்கள். பெரியம்மா அழுதார். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அது ஒரு காரணம்.

ரிக் வண்டியில் எட்டு ஒன்பது பேர் மாதக்கணக்கில் ஒன்றாக இருப்பார்கள். வண்டிக்குள்ளேயே தூக்கம், மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லோரும் ஒரே காற்றில். அண்ணனோடு ஜார்க்கண்ட் பையன் ஒருவன் வேலை செய்தான். ஒரு வருஷமாக இருமிக்கொண்டிருந்தானாம். பாறையில் துளை போடும்போது கிளம்பும் தூசியால் இருமல் என்று நினைத்துவிட்டார்கள். அந்தத் தூசியிலும் உண்மை உண்டு. பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால், காசநோய்க் கிருமியை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் செயலிழக்கும். கோவை பவுண்டரிகளில் மண் அச்சு போடுகிறவர்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், ரிக் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் பத்துப் பேராக ஒரே ரூமில் தங்குவதும், பஞ்சு பறக்கக் கூடாதென்று ஜன்னலை மூடிய தறிக்குடோனும், மில் ஆஸ்டலும் இதே கதைதான். கிருமிக்கு வேண்டியது நெருக்கமும் அடைத்த காற்றும். வடக்கிலிருந்து வந்தவர்கள்தான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். நம் பெரியவர்கள் நெஞ்சில் ஐம்பது வருஷமாக உறங்குகிற கிருமியும் நாடு முழுக்க இருப்பதே. அந்தப் பையன்களுக்கு ரூம் ஜன்னல் இல்லாததும், லீவு போட்டால் சம்பளம் போவதும், சளியைச் சோதிக்க எங்கே போவதென்று தமிழில் கேட்கத் தெரியாததும்தான் நோய்க்கு வழி விடுகின்றன.

மருந்துக்குக் கேட்காத கிருமி மற்றதைவிட அதிகத் தூரம் பறப்பதில்லை. ஆனால் வேலை செய்யாத மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நோயாளி, சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கையில், மாதக்கணக்கில் பரப்பிக்கொண்டே இருப்பார். சரியான மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் சக்தி சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வெகுவாக விழுந்துவிடும். அதனால் பரவலைத் தடுக்கும் முதல் ஆயுதம் சரியான மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிப்பதுதான். ஜன்னல் திறப்பதும், வெயில் உள்ளே வர விடுவதும், நோயாளி முகக்கவசம் போடுவதும் அதற்குத் துணை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. அண்ணனும் வழியெல்லாம் வாங்கித் தின்றிருக்கிறார். அதில் லிவோஃபிளாக்ஸசின், ஒஃப்ளாக்ஸசின், சிப்ரோஃபிளாக்ஸசின் என்று 'ஃபிளாக்ஸசின்' என முடியும் பெயர்கள் இருந்தால் கவனியுங்கள். இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். ஐந்து நாள் சாப்பிட்டால் இருமல் கொஞ்சம் குறையும். சளி வெறும் சளிதான் என்று விட்டுவிடுவோம். நோய் கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அதோடு, இது ஒற்றை மருந்து. மேலே போட்ட கணக்கின்படி, அந்த மருந்துக்குச் சாகாத கிருமி சலித்தெடுக்கப்படும். மருந்துக்குக் கேட்காத காசநோய்க்கு இன்று கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்றான மாக்ஸிஃபிளாக்ஸசின் இதே குடும்பம். பின்னால் உயிர்காக்க வேண்டிய மருந்தை இருமலுக்குச் செலவழித்துவிடுகிறோம். இந்தியாவில் 2014 முதல் காசநோய் மருந்துகளும் இந்தக் குடும்பத்தின் சில மருந்துகளும் எச் 1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதை மூன்று வருஷம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்.

சளியைக் கொடுத்தால் பதில் வரும்

எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். நுண்ணோக்கியில் கிருமி குச்சி குச்சியாகத் தெரியும். எது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று இரண்டும் சொல்லாது. அதைச் சொல்வது மூலக்கூறு சோதனை. சிபிநாட் என்று ஒரு கருவி, ஒரு சிறு கார்ட்ரிட்ஜுக்குள் சளியை ஊற்றி வைத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காசநோய் உண்டா, ரிஃபாம்பிசினுக்குக் கேட்குமா என்று சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010ல் இதை ஏற்றது. ட்ரூநாட் என்பது கோவாவில் செய்யப்படும் நம் நாட்டுக் கருவி. பேட்டரியில் ஓடும், ஏசி அறை வேண்டாம் என்பதால் சின்ன மருத்துவமனைகளுக்கும் வருகிறது. இரண்டுமே கிருமியின் மரபணுவில் ஒரு சிறு துண்டைப் படிக்கின்றன. ரிஃபாம்பிசினைத் தப்ப வைக்கும் பிழைகளில் அநேகமாக எல்லாம் அந்த ஒரே துண்டில்தான் வரும்.

அதற்கப்புறம் எல்.பி.ஏ. என்ற சோதனை ஐசோனியசிட்டுக்கும், ஃபிளாக்ஸசின் குடும்பத்துக்கும் பதில் சொல்லும். கடைசியாக, கிருமியை வளர்த்து அதன்மேல் மருந்தைப் போட்டுப் பார்க்கும் கல்ச்சர். கிருமி மெதுவாக வளர்வதால் இதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மிச்சமுள்ள மருந்துகளுக்கு அதுதான் நம்பகமான தீர்ப்பு.

அரசுத் திட்டத்தில் இந்தச் சோதனைகள் இலவசம். தனியாரில் சிகிச்சை பெறுபவரும் சளியை அனுப்பிச் சோதிக்கலாம். அண்ணனுக்கு முதல் மருத்துவமனையில் இந்த ஒரு சோதனை செய்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது, வீட்டில் ஆறு வயதுக் குழந்தையோடு அந்த இரண்டு மாதம் படுத்திருக்கவும் மாட்டார். யாருக்காவது காசநோய் என்று சொன்னால், முதல் மாத்திரைக்கு முன்பே ஒன்று கேளுங்கள்: "ரிஃபாம்பிசினுக்குக் கேக்குமான்னு டெஸ்ட் பண்ணிட்டீங்களாங்க?" இதைக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

சளி கொடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் உள்ளதும் இல்லையென்று வரலாம். காலையில் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆள் இல்லாத வெட்டவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளியைக் கொடுக்க வேண்டும்.

முடிவுத்தாளில் வரும் பெயர்கள் பயமுறுத்தும், ஆனால் எளிமையானவைதான். ஐசோனியசிட்டுக்கு மட்டும் கேட்காதது ஒரு வகை. மருந்தைக் கொஞ்சம் மாற்றி ஆறு மாதத்தில் குணமாக்கலாம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கேட்காதது எம்.டி.ஆர். அதோடு ஃபிளாக்ஸசின் குடும்பத்துக்கும் கேட்காவிட்டால் ப்ரீ எக்ஸ்.டி.ஆர். அதற்கும் மேலே பெடாகுயிலின், லினிசோலிட் இரண்டில் ஒன்றுக்காவது கேட்காவிட்டால் எக்ஸ்.டி.ஆர். கடைசி இரண்டுக்கும் இந்த வரையறை 2021 முதல் நடப்பில் இருக்கிறது.

ஆறு மாதம்

எம்.டி.ஆர். என்றாலே பத்து வருஷத்துக்கு முன்பு இரண்டு வருஷ வைத்தியம். மாதக்கணக்கில் தினமும் கனமைசின் ஊசி, கைப்பிடி நிறைய மாத்திரை, வாந்தி. அந்த ஊசி பலருக்குக் காதைப் பறித்தது. பாதிப் பேர்தான் குணமானார்கள்.

2012 டிசம்பரில் அமெரிக்காவில் பெடாகுயிலினுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஏறக்குறைய 40 வருஷத்துக்குப் பிறகு காசநோய்க்கு வந்த புதிய வகை மருந்து அது. கிருமியின் சக்தி ஆலையையே, அதாவது அது உயிர்வாழத் தேவையான ஆற்றலைத் தயாரிக்கும் நொதியை, நிறுத்திவிடும். உறங்கும் கிருமிக்கும் கொஞ்சம் ஆற்றல் வேண்டும் என்பதால் அதையும் கொல்கிறது. 2019ல் பிரிட்டோமானிட் வந்தது. இவற்றோடு லினிசோலிட்டும் மாக்ஸிஃபிளாக்ஸசினும் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டுக்கு அவற்றின் முதலெழுத்துகளை வைத்து பிபால்எம் என்று பெயர். எல்லாமே மாத்திரை, ஊசி இல்லை, ஆறு மாதம்தான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பெலாரஸ், தென்னாப்பிரிக்கா, உஸ்பெகிஸ்தான் நாடுகளில் நடத்திய சோதனையில் இந்தக் கூட்டுப் பெற்றவர்களில் 100க்கு 89 பேருக்கு நல்ல முடிவு. பழைய சிகிச்சையில் 52 பேருக்குத்தான். 2022ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு தேசியத் திட்டத்தில் சேர்க்க ஒப்புதல் தந்தது.

இந்த மருந்து எளியவர் கைக்கு வந்ததில் இரண்டு பெண்களின் பங்கு உண்டு. மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், சிகிச்சையின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். பெடாகுயிலினுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2027 வரை காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டபோது இருவரும் எதிர்த்து மனுப்போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளியது. முதல் காப்புரிமை அந்த ஜூலையில் முடிந்தது. மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி திறந்தது.

இந்தக் கூட்டு எல்லோருக்கும் பொருந்தாது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், மூளையிலோ எலும்பிலோ காசநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வேறு மருந்துக் கூட்டு உண்டு. அது 9 மாதத்திலிருந்து 20 மாதம் வரை போகும். மருந்துகளுக்குக் கடுமையும் உண்டு. லினிசோலிட்டால் பாதம் எரியும், மரத்துப்போகும், ரத்த அணுக்கள் குறையும், சிலருக்குப் பார்வை மங்கும். பெடாகுயிலின் இதயத்துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடும் என்பதால் அவ்வப்போது ஈசிஜி எடுப்பார்கள். அண்ணனுக்கு நான்காம் மாதம் பாதம் எரிய ஆரம்பித்தது. ராத்திரி ஈரத்துணி சுற்றிப் படுத்தார். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னதால், லினிசோலிட் அளவைக் குறைத்துச் சமாளித்தார்கள். தாங்க முடியாத எரிச்சலைச் சொல்லாமல் ஒரு மருந்தை மட்டும் ரகசியமாக ஒதுக்கி வைப்பது பலர் செய்வது. அந்த வலியில் அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் நான்கில் ஒன்றை எடுத்தால் பெருக்கல் கணக்கு கெட்டுவிடும்.

சிகிச்சை வீட்டிலிருந்தே நடக்கும். தொடக்கச் சோதனைகளுக்கும், நிலைமை மோசமானால் கவனிக்கவும் மட்டுமே மருத்துவமனையில் சேர்ப்பார்கள். எங்கள் பெரியம்மாவுக்கு அது புரியவில்லை. "அந்தக் காலத்துல சானடோரியத்துல கொண்டுபோய் உட்ருவாங்களே" என்றார். இன்று பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் அப்படி ஒரு காசநோய் சானடோரியமாக இருந்ததுதான். அந்த இடத்துக்கு இன்னும் சனங்கள் வாயில் சானடோரியம் என்றுதான் பெயர். நல்ல காற்று, நல்ல சோறு, ஓய்வு என்று மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்த வழக்கத்தை உலகம் முழுக்க மாற்றியது நம் சென்னைதான். 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்திலும் மறுபகுதியை நெருக்கடியான சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959ல் முடிவு வெளியானது. இரு பக்கமும் குணமானது ஏறக்குறைய சமம். வீட்டில் வைத்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடவும் இல்லை. மருந்து தொடங்கும் முன்பே தொற்றியதுதான் பெரும்பாலும் தொற்றியிருந்தது.

சோற்றின் பங்கு மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023ல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளி வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் மாதாமாதம் தானியமும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. காசநோய் மருந்தே இல்லாமல், ஊட்டத்தால் மட்டும். நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளி வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தில், நோய் தெரிந்த உடனே எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை அப்போதே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அண்ணனின் எடை 41 கிலோ. பெரியம்மா தினம் இரண்டு முட்டையும் கம்பங்கூழும் கடலைமிட்டாயும் கொடுத்து அதை 52 ஆக்கினார்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். குழந்தைக்கு நோய் இல்லை. எம்.டி.ஆர். நோயாளியோடு இருந்தவர்களுக்கு, நோய் இல்லையென்று உறுதியான பிறகு, வருமுன் காக்க ஆறு மாதம் லிவோஃபிளாக்ஸசின் கொடுக்கும் முறை இருக்கிறது. அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறக்கம், ராத்திரி வியர்வை இருந்தால் யாரும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அண்ணனுக்கு ஆறு மாதம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ரிக் முதலாளியிடம் பேசி, வண்டியில் இருந்த மற்ற ஏழு பேரையும் சோதிக்க வைத்தார். ஒருவருக்கு இருந்தது, ஆரம்ப நிலை. ஜார்க்கண்ட் பையன் மட்டும் அதற்கு முன்பே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். அவனிடமிருந்துதான் வந்திருக்கும் என்று தெரிந்த பிறகும் அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவனுக்கும் எவனோ கொடுத்ததுதானே அம்மிணி. அவனுக்கு மாத்தர இருக்குதுன்னு தெரியோணும்" என்றார். அவனுடைய பழைய எண் அணைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரை டப்பா வைத்திருந்த அதே திண்ணையில் உட்கார்ந்து, அண்ணன் அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்க்கிறார்.